குடிக்காத தண்ணீர்

என் மகளின் மேஜைமேல் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு லிட்டர் பிடிக்கும். காலை எட்டரைக்கு நான்தான் நிரப்பி வைப்பேன். 2020 ஜூனில் ஒரு நாள் சாயங்காலம் காபி கொண்டுபோனபோது தற்செயலாக அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். காலையில் இருந்த அதே கனம். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"ஏன்டி, தண்ணியே குடிக்கலையா?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு, "மீட்டிங் முடிஞ்சா உடனே அடுத்த மீட்டிங்மா. நடுவுல எழுந்து போக முடியாது. அதான் குடிக்கல" என்றாள்.

பாத்ரூம் அவள் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது. பாட்டிலைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். நடுவில் போக முடியாது, அதனால் குடிப்பதில்லை. இதே பதிலைப் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு டாக்டரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன மறுமாதம்தான் வேலையை விட்டேன்.

*

நான் பெரம்பூரில் வளர்ந்தவள். பாரிமுனைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்து அரைமணியில் போய்விடுவேன். 1995-ல் கல்யாணமாகி அரக்கோணம் வந்தேன். கணவருக்கு உள்ளூரிலேயே வேலை. "வேலைய விட வேணாம்மா, அதான் ட்ரெயின் இருக்கே" என்றார் மாமனார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ட்ரெயின் இருந்தது உண்மைதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தார்களே, அது அரக்கோணம் வழியாகத்தான் போகிறது. அந்தத் தண்டவாளம் இல்லாவிட்டால் தாலி கட்டிய கையோடு என் வேலையும் போயிருக்கும். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர். லோக்கல் வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, டப்பா கட்டி, ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, ஈவினிங் பஜார் வழியாக நடந்தால் ஆபீஸ் வாசலுக்குப் போகும்போது மணி ஒன்பது. ஷட்டரைத் திறப்பது ஒன்பதரைக்கு. அந்த அரைமணியும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த வண்டியில் வந்தால் என்ன என்று கேட்கலாம். அது பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றுவிட்டால் தாமதமாகிவிடும். மூன்று நாள் தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும். சாயங்காலம் ஆறுக்கு விட்டால் வீடு வந்து சேர எட்டே முக்கால்.

பத்து மணி நேரத்துக்குக் கீழேதான் நான் ஆபீசில் இருந்தேன். ஆனால் பதினாலரை மணி நேரம் வீட்டில் இல்லை.

*

லேடீஸ் பெட்டியில் எங்களுக்குப் பெயர்கள் கிடையாது. ஏறும் ஸ்டேஷன்தான் பெயர். மணவூர் டீச்சர், கடம்பத்தூர் பூக்காரம்மா, வேப்பம்பட்டு அக்கா. நான் 'அரக்கோணம்'. வண்டி புறப்படும் இடத்தில் ஏறுகிறவள் என்பதால் எனக்குக் காலையில் உட்கார இடம் நிச்சயம். திருவள்ளூர் தாண்டினால் நிற்கத்தான் இடம் இருக்கும். ஆவடி வந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து, நிற்பவர்களுக்கு இடம் தர வேண்டும். இந்தச் சட்டம் எங்கும் எழுதியில்லை. ஆனால் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

சாயங்கால வண்டியில் மடியில் செய்தித்தாளை விரித்து அவரைக்காய் நார் உரிப்பார்கள். சின்ன வெங்காயம் உரித்து டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். ராத்திரிச் சமையலில் பாதி வேலை திருநின்றவூருக்குள் முடிந்துவிடும். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பிரித்துக் கொடுப்போம். எனக்கு ஏழாம் மாதம் அந்தப் பெட்டியிலேயே வளைகாப்பு நடந்தது. ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையலாகப் போட்டு, முழங்கை வரை நிரப்பிவிட்டார்கள். வேப்பம்பட்டு அக்கா புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

1998-ல் மகள் பிறந்தாள். அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம். முடிந்ததும் திரும்பிப் போனேன். காலையில் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் வில்லிவாக்கம் வருவதற்குள் மார்பு கட்டிக்கொள்ளும். கல்லைப் போலாகிவிடும். ரவிக்கை நனைந்து முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வேன். இரண்டாம் நாளே வேப்பம்பட்டு அக்கா பார்த்துவிட்டார். ஜன்னலோரம் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். அவரும் டீச்சரும் முந்தானைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் திரை கட்டினார்கள். நான் ஒரு கைத்துண்டில் பாலைப் பீய்ச்சி ஜன்னல் வழியாகப் பிழிந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. "அழாத கண்ணு. நாங்க எல்லாரும் இப்படித்தான் பிழிஞ்சுட்டு வேலைக்குப் போனோம்" என்றார் அக்கா. இரண்டு மாதம் தினமும் அந்தத் திரை எனக்காக நின்றது.

2017-ல் அந்த விடுப்பை 26 வாரமாக்கினார்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், அதன்பிறகும் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க இருதரப்பும் ஒத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டு முந்தானைகள்தான்.

*

இவ்வளவு இருந்த வண்டியில் ஒன்று மட்டும் இல்லை. கழிப்பறை. அடுத்தடுத்த ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கான வண்டி என்பதால் லோக்கலில் அது வைப்பதே இல்லை. இரண்டு மணி நேரம் அதில் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆண்கள் வண்டியை விட்டு இறங்கினால் எங்காவது ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஒரே வாரத்தில் தாமே கற்றுக்கொள்வார்கள். காலை காபி அரை டம்ளர். ஆபீசில் மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர். நாலு மணிக்கு மேல் ஒரு மடக்கும் கிடையாது. அங்கேயும் ஒரு மாடிக்கு ஒரே கழிப்பறைதான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக் குடிப்பேன்.

2008-09-ல் ஒரே வருடத்தில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று. மூன்றாம் தடவை குளிர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். ஸ்கேன் எடுத்து, கல் இருக்கிறது என்றார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ராத்திரி வந்து குடிப்பேன் டாக்டர். வழியில போக முடியாது, அதனால பகல்ல குடிக்கறதில்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எத்தன வருஷமா?"

"பதினாலு வருஷமா."

"இப்படியே போனா கிட்னி தாங்காதும்மா. வேலையா உடம்பான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

வேலையை விடுவதற்கு முன் ஒரே ஒரு முயற்சி செய்தேன். மேனேஜரிடம் போய் நின்றேன். "சார், நான் எப்படியும் ஒன்பது மணிக்கே வந்துடறேன். ஒன்பதுல இருந்து அஞ்சரை வரைக்கும் வேலை செய்யறேன். அரைமணி முன்னால விட்டா முந்தின வண்டியப் பிடிச்சு எட்டு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன்." சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை, வேலையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. படிக்கட்டில் வீணாகும் அரைமணியை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன்.

"உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார்.

அன்று ராத்திரி பழக்க தோஷத்தில் ஒரு கணக்குப் போட்டேன். போக வர 138 கிலோமீட்டர். விடுமுறை, லீவு எல்லாம் கழித்து வருடத்துக்கு 290 நாள். பெருக்கினால் 40,020. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று மகளின் பாடப் புத்தகத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை உலகத்தையே சுற்றி வந்திருக்கிறேன். நேரத்தைப் பார்த்தேன். குறைத்து வைத்தாலும் நாளைக்கு ஐந்து மணி. வருடத்துக்கு 1,450 மணி நேரம். 24-ஆல் வகுத்தால் 60 நாள். வருடத்தில் இரண்டு மாதம் இரவும் பகலும் பயணத்திலேயே இருந்திருக்கிறேன். பதினாலு வருடத்துக்கு இருபத்தெட்டு மாதம். அதற்கு எந்தப் பேரேட்டிலும் ஒரு வரி பற்று எழுதியிருக்கவில்லை.

பதினாலு முறை உலகத்தைச் சுற்றிய தூரம் போனவள், அரக்கோணத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷனான திருவாலங்காட்டில் ஒரு நாளும் இறங்கியதில்லை. தினம் இரண்டு தடவை அந்தப் பெயர்ப் பலகை ஜன்னலைத் தாண்டிப் போகும். காரைக்கால் அம்மையார் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து வந்த ஊர். ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கும் ஊர். "ஒரு நாள் இறங்கிப் பாத்துட்டுப் போகணும்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொள்வோம். இறங்கினால் அடுத்த வண்டி, தாமதம், அரைநாள் சம்பளம்.

2009-ல் வேலையை விட்டேன். கடைசி நாள் பெட்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். வேப்பம்பட்டு அக்கா ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்திருந்தார். "இனிமே நல்லாக் குடி" என்றார்.

*

குடித்தேன். உடம்பு தேறியது. ஆறு மாதத்தில் அடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தது. மகளுக்கு நான் தலைவாரிவிட்டேன். அதுவரை மாமியார்தான் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு உச்சியில் இரட்டைச் சுழி இருப்பது பதினோராவது வயதில்தான் என் விரலுக்குத் தெரிந்தது. வேலையை விட்டதற்காக ஒரு நாள்கூட நான் வருந்தியதில்லை.

ஆனால் அந்த ஐந்து மணி நேரம் திரும்பி வரவில்லை. எங்கே போனது என்று முதலில் எனக்கே புரியவில்லை. சொந்தத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூட ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் நான். கரண்ட் பில் கட்ட, ரேஷன் கடையில் நிற்க, நாத்தனார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நான். "வீட்லதானே இருக்க" என்று எல்லோரும் இயல்பாகச் சொன்னார்கள். வேண்டுமென்றே யாரும் என் நேரத்தைப் பறிக்கவில்லை. சும்மா கிடக்கிற நிலத்தில் ஆளுக்கொரு செடி நட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து நூலகத்திலிருந்து ஆள் வந்தார். எடுத்த புத்தகத்தைத் திருப்பவில்லையாம். தேடி எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் ரயில்வே சீசன் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. ரயிலில் வாரம் ஒரு புத்தகம் படித்தவள் நான். டீச்சர் வார இதழ் வாங்குவார், அது கைமாறிக் கைமாறி ஆவடி போய்ச் சேரும். தொடர்கதையில் அடுத்து என்ன என்று பெட்டியே விவாதிக்கும். வேலையை விட்ட ஒரு வருடத்தில் நான் படித்தது வெறும் நாற்பது பக்கம்.

சீசன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பைக் கெடுத்த அதே பயணம்தான் எனக்கென்று கொஞ்சம் நேரத்தையும் கொடுத்து வந்திருக்கிறது. ஓடுகிற வண்டிக்குள் வந்து "அந்தத் துணிய மடிச்சு வை" என்று யாரும் சொல்ல முடியாது. வெறுமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. வேலைக்குப் போகிறாள், வேலையிலிருந்து வருகிறாள். வீட்டில் அதே போல உட்கார்ந்தால் அதற்குப் பெயர் சும்மா இருப்பது.

பிறகு உள்ளூர்க் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். பத்து நிமிட நடை. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. ஐந்தரைக்கு வீடு. ஒரு நாள் வந்ததும் வராததுமாக மூன்று பேர் மூன்று வேலை சொன்னார்கள். நான் பையை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கீழேயிருந்து மாமியார் கூப்பிட்டார். படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகள் குரல் கொடுத்தாள்: "பாட்டி, அம்மா ட்ரெயின்ல இருக்காங்க! வந்து இறங்கட்டும்!"

மாமியார் சற்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. "சரி, வரட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமானது. ஆறிலிருந்து ஏழரை வரை நான் ட்ரெயினில் இருப்பேன். மாடிச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புத்தகம், அக்கா கொடுத்த பாட்டிலில் தண்ணீர். என் கணவர்கூட, யாராவது போன் செய்தால் "அவ இப்ப திருநின்றவூர்கிட்ட வந்திருப்பா, ஏழரைக்குப் பண்ணுங்க" என்பார். பத்து வருடங்களாக அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் கை வைத்ததில்லை.

*

2020 மார்ச்சில் லோக்கல் வண்டிகள் நின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்த மகள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வருடம் எனக்குக் கிடைக்காதது அவளுக்கு முதல் வருடத்திலேயே கிடைத்துவிட்டதே என்று மனசு பூரித்தது. படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்தால் ஆபீஸ். அரைமணி கேட்டு நான் மேனேஜர் முன் நின்றது அவளுக்குக் கதையாகத்தான் தெரியும்.

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

பயணம் இல்லாததால் அவள் வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு போன். ராத்திரி பத்தரைக்கு வேறு நாட்டுக்காரர்களோடு ஒரு மீட்டிங். வீட்டில்தானே இருக்கிறாள் என்று ஆபீஸ் நினைத்தது. வீட்டில்தானே இருக்கிறாள் என்று நாங்களும், நான் உட்பட, சிலிண்டர் வந்தால் கையெழுத்துப் போடக் கூப்பிட்டோம். என் பயணத்தில் போன ஐந்து மணி நேரம் அவளிடம் மிச்சமாகும் என்று நினைத்திருந்தேன். அதையும் வேலையே எடுத்துக்கொண்டது. எனக்காவது ஆவடி வரை ஜன்னல் இருந்தது.

அன்று அவளிடம் டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கைத்துண்டில் பிழிந்த பாலைப் பற்றி அதுவரை சொன்னதில்லை. அதையும் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து, நிறுத்தாமல் பாதி வரை குடித்தாள்.

அடுத்த நாள் கணினியில் அவளுடைய ஆபீஸ் காலண்டரைக் காட்டினாள். தினமும் மாலை 6 முதல் 7.30 வரை ஒரு கட்டம் நீல நிறத்தில் மூடியிருந்தது. அந்த நேரத்தில் யாரும் அவளுக்கு மீட்டிங் வைக்க முடியாதாம். உள்ளே ஒரே ஒரு வரி: 'அரக்கோணம் லோக்கல்'. அவள் டீமில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. கேட்டால், "முக்கியமான வேலை, மாத்த முடியாது" என்கிறாளாம்.

வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு லோக்கலில் ஏறினேன். புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு. பதினைந்து, இருபது நிமிடம்தான். அந்தப் பெயர்ப் பலகையை முதன்முதலாக வெளியே நின்று பார்த்தேன். தூக்கிய திருவடியோடு நடராசர் நிற்கும் சபையில், எலும்பும் தோலுமாகக் காரைக்கால் அம்மையார் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை.

இப்போது மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. வேலை மாறும்போது இன்டர்வியூவில் எத்தனை நாள் வர வேண்டும், எத்தனை மணிக்கு முடியும் என்று அவளேதான் முதலில் கேட்டிருக்கிறாள். கேட்டதும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நின்று கேட்டதற்கும் அவள் உட்கார்ந்து கேட்டதற்கும் நடுவில் பதினைந்து வருடம் ஓடியிருக்கிறது.

வீட்டில் இருக்கும் நாட்களில் மாடியில் இப்போது இரண்டு நாற்காலி. இரண்டு பாட்டில். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. தூரத்தில் நிஜ வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அரக்கோணத்துக்குள் நுழையும். அதில் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத பெண்கள் இன்றைக்கும் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் மகள் தன் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள்.

"எங்கம்மா வந்திருக்கோம்?"

"கடம்பத்தூர்."

"அப்ப இன்னும் டைம் இருக்கு" என்று மறுபடி புத்தகத்துக்குள் போய்விடுவாள்.